ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும்

இதுங்களா? ரிப்பன்தானுங்க. பொம்பளைப் பிள்ளைங்க சடைக்குக் கட்டுற ரிப்பன். சங்ககிரி தாண்டினதுல இருந்து நீங்க இதையே பார்த்துட்டு வர்றது எனக்குத் தெரியும். கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு கேக்காம வந்தீங்க பாருங்க, நல்ல மனுசங்க. எங்க பட்டறையில இருக்கறவனுங்க பார்த்த உடனே கேட்டுருவானுங்க. நாம பதில் சொல்றதுக்குள்ள சிரிச்சும் போடுவானுங்க.

முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல, ஜன்னலோரமா ஒரு பிள்ளை உக்காந்திருக்குது பாருங்க. ரெட்டைச் சடை. ஒரு சடையில சிவப்பு ரிப்பன், இன்னொண்ணுல வெறும் ரப்பர் பேண்டு. அதுதானுங்க என்ற பொண்ணு, கோபிகா. நாலாவது படிக்குது. அந்தச் சடையோட ரிப்பன்தான் இப்ப என்ற கையில இருக்குது. இப்பத் திரும்பிப் பார்க்குது பாருங்க. என்னைப் பார்க்கலீங்க, கையைப் பார்க்குது.

கோயிலுக்குத்தான் போறோமுங்க. கரட்டு முனியப்பன் கோயில். குடிக்கறவங்களுக்குக் கயிறு கட்டுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தி வெச்சுட்டு, எது வரைக்கும்னு கேப்பாரு. ஆறு மாசம்பாங்க, ஒரு வருசம்பாங்க, அவங்கவங்க தெம்புக்குத் தகுந்த மாதிரி. சத்தியம் பண்ணினா வலது கையில கறுப்புக் கயிறு கட்டி உடுவாரு. அந்தக் கெடு முடியற வரைக்கும் தொடக்கூடாது. மீறித் தொட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேனுங்க, பஸ்ஸுல வர்ற நேரத்துல வேண்டாம்.

என்ற பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுல லாரி பாடி கட்டுற பட்டறைங்க இருக்குதில்லீங்களா, அங்க எழுத்து வேலை எனக்கு. முதலாளி பேரு, குலசாமி பேரு, பின்னால ‘ஒலி எழுப்புக’, திருஷ்டிக்கு ஒரு ராட்சச மூஞ்சி, கடைசியா நம்பரு. ரோட்டுல போற வண்டிய நிறுத்தி எழுத்தப் பார்த்தீங்கன்னா, ஒரு ஓரத்துல பொடிசா ‘நாரி ஆர்ட்ஸ்’னு இருக்கும். அது நான்தான். நம்பர் எழுதறவனுக்குக் கணக்கு நல்லா வரும்னு எல்லாரும் நினைக்கறாங்க. ஏனுங்க, கல்யாணப் பத்திரிகை அடிக்கறவனுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருக்குதா?

நான் குடிப்பேனுங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா குடிகாரன் கெடையாது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. நாள் முழுக்க பெயிண்டுல கலக்கற டின்னர் வாசத்துல நின்னு வேலை பார்க்கறவன் சாயங்காலம் கொஞ்சம் மாத்து வாசம் பார்க்கலைன்னா தலை நிக்காது. இதை எங்கூட்டுக்காரி பூங்கொடிகிட்டப் பதினொரு வருசமாச் சொல்லிட்டு இருக்கறேன். அவளுக்குப் புரியலீங்க. சில பேருக்கு எப்படிச் சொன்னாலும் ஏறாது.

போன ஆடி மாசம் ஒரு சின்ன சம்பவமாகிப் போச்சு. அன்னைக்கு நான் ஊட்டுக்கு வர்றப்ப கோபிகா நடையில உக்காந்து ஏழாம் வாய்ப்பாடு படிச்சுட்டு இருந்துது. சரி, பிள்ளை படிப்புல அக்கறை எடுக்கலைன்னு இவ சொல்லிக்கிட்டே இருக்கறாளே, இன்னைக்கு எடுப்போம்னு உக்காந்தேன். ஒப்பிக்கச் சொன்னேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலுன்னு நல்லாத்தான் வந்துது. ஏழேழு நாப்பத்தொம்பது வரைக்கும் சரி. எட்டேழு அம்பத்தாறுன்னுச்சு. நான் அம்பத்திநாலுன்னேன். அது இல்லப்பா அம்பத்தாறுன்னுச்சு. மறுபடியும் சொல்லுன்னேன். மறுபடியும் அதையே சொல்லுச்சு. படிச்சுக் கொடுக்கறப்ப எதுத்துப் பேசினா யாருக்குத்தான் கோவம் வராது? லேசாத்தான் கையை வீசினேன். காதுல கம்மல் இருந்ததுதான் தப்பாப் போச்சு. கம்மல் விரல்ல மாட்டிக்கிச்சு. காது கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. ரெண்டு தையல்.

அப்புறம் புஸ்தகத்துல பார்த்தா அம்பத்தாறுதான் சரியாட்ட இருக்குது. அது வேற விசயம்.

பூங்கொடி பிள்ளையைக் கூட்டிட்டு அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. பத்து நாள் நான் ஹோட்டல்ல தின்னேன். பதினொண்ணாவது நாள் அவ அண்ணன் ஞானசேகரன் வந்தாரு. போர்வெல் போடற வண்டியில வேலை, ஆளும் போர் வண்டியாட்டத்தான் இருப்பாரு, அதிகம் பேச மாட்டாரு. வண்டியில ஏறுங்கன்னாரு. ஏறினேன். நேரா கரட்டு முனியப்பன் கோயில்ல கொண்டு போய் எறக்கினாரு. அங்க பூங்கொடியும் பிள்ளையும் முன்னமே வந்து நிக்கறாங்க. பிள்ளைக்குக் காதுல பஞ்சு.

பூசாரி எது வரைக்கும்னு கேட்டாரு. மச்சான் ரெண்டு வருசம்னு ஆரம்பிச்சாரு. எனக்கு அங்கதான் ரோசம் வந்துது. குடிக்கறது நான், கெடு சொல்றது அவரா? கொஞ்சம் இருங்கன்னுட்டு யோசிச்சேன். எதுனால சண்டை வந்துது? ஏழாம் வாய்ப்பாட்டுனால. அதையே வெச்சுப் போட்டேன். “என்ற பொண்ணு ஏழாம் வாய்ப்பாட்டத் தப்பில்லாம என்கிட்ட ஒப்பிக்கற வரைக்கும் தொட மாட்டேன்”னேன். பூசாரி இந்த மாதிரி ஒரு கெடு கேட்டதில்லை போலிருக்குது. சாமிக்குச் சம்மதம்தான், நாளுக்குப் பதிலா காரியத்தைச் சொல்லலாம்னாரு. மச்சானுக்கும் மறுத்துப் பேச வழியில்ல. பிள்ளை படிப்பு மேல தகப்பன் சத்தியம் பண்றான், அதைப் போய் வேண்டாம்னு யாரு சொல்லுவாங்க?

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஒரு வாரத்துல முடிஞ்சுரும்னு நான் மனசுக்குள்ள போட்டுக்கிட்டேனுங்க. ஏழேழு வரைக்கும் அதுக்கே வருது. மிச்சம் மூணு வரி. ஒரு வாரமே அதிகம். கயிறு கட்டறப்ப பிள்ளை என்ற கையையே பார்த்துட்டு இருந்துது. எதுக்குப்பா இதுன்னு கேட்டுது. விவரமாச் சொன்னேன், நீ ஏழாம் வாய்ப்பாடு முழுசாச் சொல்லிட்டா அவுத்தறலாம் கண்ணுன்னு. சரிப்பான்னுச்சு.

இப்ப ஏழு மாசம் முடிஞ்சு எட்டாவது மாசம் நடக்குது.

நான் பட்ட பாடு உங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. எந்தத் தகப்பனும் இப்படிப் பாடுபட்டிருக்க மாட்டான். தெனமும் ஆறரைக்கெல்லாம் ஊட்டுல இருப்பேன். கை கால் கழுவிட்டு நேரா வாய்ப்பாடு. வல்லாரைக் கீரை வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பாதாம் ஊறப் போட்டு காலையில தோல் உரிச்சு நானே ஊட்டினேன். வெண்டைக்காய் தின்னா கணக்கு வரும்னாங்க, அதுவும் ஆச்சு. நடைச் சுவத்துல மஞ்சள் பட்டி அடிச்சு, லாரிக்கு எழுதற எனாமல்லயே ஏழாம் வாய்ப்பாடு முழுசும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் உட்டு, சுத்தி மாங்கா பார்டர் போட்டு. எட்டேழு அம்பத்தாறு மட்டும் செவப்புல, ரெண்டு மடங்கு பெருசா. ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து படிக்கலாம். பிள்ளை அந்தச் சுவத்துக்கு முதுகைக் காட்டிட்டு நின்னு ஒப்பிக்கும், எட்டேழு வந்த உடனே நின்னுரும். என்ற கையை ஒரு பார்வை பார்க்கும். அம்பத்தஞ்சுங்கும். மறுநாளு அம்பத்தெட்டுங்கும். அறுபதுங்கும். எத்தனையோ தப்பு சொல்லியிருக்குதுங்க. தவறிப் போய்க்கூட ஒரு நாளும் அம்பத்தாறுன்னு வந்ததில்ல.

நான் கோவிச்சுக்கலீங்க. கோவிச்சா வராதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. பரவால்ல கண்ணு, நாளைக்குப் பார்க்கலாம்பேன். அதுக்கு உடனே மூஞ்சி மலர்ந்துரும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து படம் போடுவோம். கிளி, மயிலு, மலைப்பாம்பு. அது நல்லா படம் போடும்ங்கறதே எனக்கு அப்பத்தானுங்க தெரியும். கத்திரிக்காய் திங்காது, நாய்னா பயம், பக்கத்துல உக்கார்ற பிள்ளை பேரு சஹானா, இதெல்லாமும் அப்பத்தான் தெரியும். ஆனா அது எல்லாம் வீண் பேச்சு. நம்ம காரியம் வாய்ப்பாடு.

இதுல பெரிய புதிரு என்னன்னா, எட்டாம் வாய்ப்பாடு அதுக்குத் தலைகீழாத் தெரியும். ஏழெட்டு அம்பத்தாறுன்னு அதுல சொல்லுது, நிக்காம சொல்லுது. அதையே திருப்பி எட்டேழுன்னா தெரியாதுங்குது. நான் மூளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு பூங்கொடியக் கேட்டேன். அவ, அதுக்கு வர்றப்ப வரும், உட்டுருங்கன்னுட்டா. முன்னெல்லாம் அரை மார்க் குறைஞ்சா பிள்ளையைத் திட்டித் தீர்ப்பா. இப்பப் பாருங்க, எட்டேழு தப்பாச் சொல்ற அன்னைக்கு முறுகலா நெய் ஊத்தி தோசை சுட்டுக் கொடுக்கறா. தெனமும் தோசைதான். இப்படிச் செல்லம் கொடுத்தா பிள்ளை எப்படிங்க படிக்கும்? படிப்பு மேல அக்கறை இருக்கறது அந்த ஊட்டுல எனக்கு ஒருத்தனுக்குத்தான்.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பதினாலு சக்கர வண்டி ஏழு ஒண்ணா நின்னுட்டு இருக்குது. ஒரே முதலாளி. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு தாமரைப்பூ போடணும்னு சொல்லிட்டாரு. மொத்தம் எத்தனை பூன்னு நானும் டிங்கர் வேலை பார்க்கற சம்பத்தும் ஒவ்வொரு வண்டியாச் சுத்தி வந்து எண்ணிட்டு இருக்கறோம். பின்னால இருந்து “தொண்ணூத்தெட்டுப்பா”ன்னு சத்தம். திரும்பிப் பார்த்தா பிள்ளை நாக்கைக் கடிச்சுட்டு நிக்குது. எப்படிக் கண்ணு சொன்னேன்னு கேட்டேன். சும்மா வாய்க்கு வந்ததுப்பான்னுச்சு. எண்ணி முடிச்சா தொண்ணூத்தெட்டுதான். சம்பத் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சான். அவன் எதுக்குச் சிரிச்சான்னு எனக்குத் தெரியல. அவன் எதுக்கும் சிரிப்பான்.

அரைப்பரீட்சை மார்க் வந்துது. கணக்குல நூத்துக்கு நூறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க. மத்த தகப்பனா இருந்தா மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பான். நான் அப்படிக் கெடையாது. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன், ஏழாம் வாய்ப்பாட்டுல அஞ்சு கணக்கு இருக்குது. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு நூறு போட்டிருக்காங்கன்னா, ஒண்ணு பார்த்து எழுதியிருக்கணும், இல்லன்னா டீச்சர் திருத்தாமயே போட்டிருக்கணும். அதை வெச்சு நான் கயித்த அவுத்திருக்கலாமுங்க. எழுதிக் காட்டிருச்சேன்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கலாம். ஆனா சத்தியம் பண்ணினது என்கிட்ட ஒப்பிக்கணும்னு. நான் அந்த மாதிரி ஏமாத்து வேலை செய்யறவன் இல்ல.

பொங்கல் லீவு முடிஞ்ச மறுநாள் லீவு போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ரெஜினா டீச்சர்னு, சின்ன வயசு, நல்ல மாதிரி. மார்க்கைக் குறைங்கன்னு கேட்டு வந்த முதல் தகப்பன் நீங்கதான்னாங்க. வகுப்புல வாய்ப்பாடு நல்லாச் சொல்றதே கோபிகாதானாம், மத்த பிள்ளைங்களுக்கு அதுதான் ஒப்பிச்சுக் காட்டுதாம். நான், என்ற எதுர்ல கூப்பிட்டுக் கேளுங்கன்னேன்.

கூப்பிட்டாங்க. வகுப்பே பார்த்துட்டு இருக்குது. டீச்சர் ரொம்பச் சாதாரணமாத்தான் கேட்டாங்க, எட்டேழு எவ்வளவு கோபிகான்னு. பிள்ளை டீச்சரப் பார்த்துது, அப்புறம் என்ற கையைப் பார்த்துது. தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

“அம்பத்திநாலு, டீச்சர்.”

பின்னால பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுப் போட்டாங்க. அது ஒப்பிச்சுக் காட்டுற பிள்ளைங்கதான். கோபிகாவுக்குக் காது வரைக்கும் செவந்து போச்சு. நான் டீச்சரைப் பார்த்து, பார்த்தீங்களாங்கன்னேன். ஜெயிச்சுட்டேன்தான். ஆனா உண்மையைச் சொல்றேன், சந்தோசமா இல்லீங்க. பிள்ளை அப்படி நிக்கறது எனக்குப் பொறுக்கல.

டீச்சரும் என்ற கையைப் பார்த்தாங்க. அப்புறம், இது என்ன கயிறுங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். எல்லாம் சொன்னேன், கோயிலு, கெடு, சுவத்துல எழுதினது, வல்லாரை. கேட்டுட்டே இருந்தாங்க. சரிங்க, நீங்க சொல்றபடியே ஒரு மார்க் குறைச்சுக்கறேன்னு செவப்புப் பேனாவை எடுத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு மாத்தினாங்க. அப்புறம் பிள்ளை தலை மேல கையை வெச்சவங்க ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. எனக்கு அது கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சுது. தப்பாச் சொன்ன பிள்ளையைத் தட்டிக் கொடுக்கற வழக்கம் ஊட்டுல மட்டும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இப்ப ரிப்பனுக்கு வர்றேன்.

நேத்து மத்தியானம் டின்னர்ல பிரஷ் கழுவிட்டு இருந்தேன். ஏழு மாசமா டின்னர்லயும் பெயிண்டுலயும் ஊறின கயிறு. பட்டுன்னு அறுந்து டப்பாவுக்குள்ள உழுந்துருச்சு. எடுத்துப் பார்த்தா மக்கிப் போயிருக்குது. சம்பத் எட்டிப் பார்த்துட்டு, தானா அறுந்தா சாமியே போதும்னு சொன்ன மாதிரிடா, சாயங்காலம் வான்னான். நான் அவனை நம்பல. ஆனா வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினேன். திருப்பினது உண்மைதான், பொய் சொல்லக் கூடாது. கடைக்கிட்டப் போயும் போயிட்டேன். அங்க நின்னு யோசிச்சேன். முறைப்படி செய்யணும். நேரா ஊட்டுக்குப் போய், பிள்ளையை இன்னைக்கு ஒரு தடவை ஒப்பிக்க வெச்சுட்டு, சரியாச் சொல்லிட்டா ஒரு எட்டு வந்துட்டுப் போயிரலாம். இல்லன்னா அப்ப யோசிச்சுக்கலாம். அப்படித்தான் நினைச்சேன்.

ஆறரைக்கு ஊட்டுக்குப் போனேன். பிள்ளை வாசப்படியில உக்காந்து பென்சில் சீவிட்டு இருந்துது. அப்பான்னு எந்திரிச்சுது. என்ற கையைப் பார்த்துது. வெறுங்கை. கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கெடக்குது. நான் ஒண்ணுமே கேக்கலீங்க. அதுவா சுவத்துப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு ஆரம்பிச்சுது.

“ஓரேழு ஏழு. ஈரேழு பதிமூணு.”

ஈரேழுல அது ஒரு நாளும் தப்பினதில்லீங்க. ஒண்ணாவது படிக்கற பிள்ளைகூடத் தப்பாது. பதிமூணுன்னு சொல்லிட்டு, இடது கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கிச்சு. தையல் போட்ட காதை. நான் ரெண்டு அடி பின்னால தள்ளி நின்னுக்கிட்டேனுங்க. சமையக்கட்டுல பூங்கொடி கரண்டியைக் கீழ வெக்கற சத்தம் கேட்டுது.

கயிறு தானா அறுந்துருச்சு கண்ணுன்னேன். அது காதுல இருந்து கையை எடுக்கல. நீ அவுத்தியாப்பான்னு கேட்டுது. இல்ல கண்ணு, அறுந்துருச்சுன்னு சட்டைப் பையில இருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி, ரெண்டு முனையையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துச்சுங்க, நகைக்கடையில கல்லு பார்க்கற மாதிரி. பார்த்துட்டு, சரின்னு நினைச்சுக்கிச்சு போல. சடையில இருந்த ரிப்பனை உருவி என்ற கையில மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுது. பல்லுல கடிச்சு இறுக்குச்சு. இதைக் கட்டிக்கோப்பா, காலையில கோயிலுக்குப் போலாம்னுச்சு.

நான் எங்கயும் போகல. சாப்பிட்டுட்டுப் படுத்துக்கிட்டேன். தோசைதான்.

இன்னைக்குக் காலையில கிளம்பறப்ப, பழைய கெடுவையே சொல்லிக் கட்டிக்கறேன் கண்ணுன்னேன். பஸ் ஸ்டாண்டு வந்த பின்னால என்ற விரலப் பிடிச்சுட்டுச் சொல்லுச்சு. ஏழு வேண்டாம்ப்பா, ஏழு எப்பவாவது வாய்தவறி வந்துரும். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும்னு பூசாரிகிட்டச் சொல்லு. அது எனக்கு வரவே வராதுப்பான்னுச்சு. அவ்வளவு உறுதியாச் சொல்லுதுங்க. கணக்கு வராதுங்கறதை இவ்வளவு சந்தோசமாச் சொல்ற பிள்ளையை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

என்னங்க, நீங்களும் ரிப்பனையே பார்க்கறீங்க?

நான் சரின்னுட்டேன். பதினாறுன்னே சொல்லிக் கட்டிக்கப் போறேன். ஒரு சங்கடம் இருக்குது. எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாதுங்க. பதினாறெட்டு எவ்வளவுன்னு கேட்டா முழிப்பேன். அது சரியாவே ஒப்பிச்சாலும் சரியா தப்பான்னு எனக்கு விளங்காது. புஸ்தகத்தப் பார்த்துக்கலாம்தான். ஆனா வேண்டாம். புஸ்தகம் வாங்கப் போறதில்ல.

அடுத்த ஸ்டாப்புங்க நமக்கு. பாருங்க, முன்னமே எந்திரிச்சு நின்னுட்டு என்ற கையைப் பார்க்குது. இருக்குது கண்ணு, இருக்குது. இதோ, அவுக்கல.